சுரங்கம் தந்த வீரர்: ஹரால்டு லார்வுட்

நுழைவாயில்

உழைப்பாளர் குடியிருப்பு ஒன்றில் பிறந்த ஒருவர், தம் உழைப்பினாலும் திறமையினாலும் உலகப் புகழ் பெற்றார். புகழின் உச்சியில் நின்ற வேளையில், ஒரே ஒரு கடிதத்தில் கையொப்பமிட மறுத்தமையால் தம் நாட்டு அணியில் மீண்டும் இடம்பெறும் வாய்ப்பை இழந்தார். பின்னர், எந்த நாட்டு மக்கள் அவரை வெறுத்தார்களோ, அந்த நாட்டிலேயே குடியேறி அன்போடு ஏற்கப்பட்டார். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

சுரங்கச் சிற்றூர்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் நாட்டிங்காம்ஷயர் என்னும் கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தைப் போன்ற ஓர் ஆட்சிப் பகுதி. அங்குள்ள நங்கர்கேட் என்னும் சிற்றூரில் 1904ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ஹரால்டு லார்வுட் பிறந்தார். தந்தை ராபர்ட், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஐந்து ஆண் மக்களுள் ஹரால்டு நான்காமவர்.

நங்கர்கேட்டில் வாழ்ந்த பெரும்பாலான குடும்பங்களுக்குச் சுரங்கமே வாழ்வாதாரம். தந்தை இறங்கிய குழிக்குள்ளேயே மகனும் இறங்குவது அங்கு நெடுநாள் வழக்கம். மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கதை இதற்கு மிக நெருங்கியது. பெற்றோர் கொழுந்து பறித்த மலைச்சரிவிலேயே பிள்ளைகளும் பறித்த காலம் இங்கும் இருந்தது. கோலார் தங்கவயலுக்குத் தமிழகத்திலிருந்து சென்று, பூமிக்கடியில் பல தலைமுறைகள் உழைத்த குடும்பங்களின் நிலையும் அதுவே.

சுரங்க ஊரின் வாழ்க்கை கடினமானது. எனினும் அவ்வூர்களில் கிரிக்கெட் தழைத்தது. பகலெல்லாம் இருளில் குனிந்து உழைத்தவர்கள், ஓய்வுநாளில் பச்சைப் புல்வெளியில் நிமிர்ந்து நின்று விளையாடினார்கள். ராபர்ட் லார்வுட் ஊர்க் குழுவின் தலைவராகப் பணியாற்றினார். நாட்டிங்காம்ஷயர் அணிக்கு வேகப்பந்து வீச்சாளர் தேவையானால், சுரங்க வாயிலில் நின்று ஒரு சீழ்க்கை அடித்தால் போதும் என்று அப்பகுதி மக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இருளில் கழிந்த இளமை

ஹரால்டு 13 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தினார். முதலில் சுரங்கத் தொழிலாளரின் கூட்டுறவுக் கடையில் சிறு வேலை செய்தார். அடுத்த ஆண்டே அருகிலிருந்த ஆன்ஸ்லி சுரங்கத்தில் சேர்ந்தார். வெட்டிய நிலக்கரியை ஏற்றிய வண்டிகளை அக்காலத்தில் சுரங்கத்துக்குள் மட்டக்குதிரைகள் இழுத்தன. அக்குதிரைகளை ஓட்டுவதும் பராமரிப்பதும் அச்சிறுவனின் வேலை. பின்னர் இரவுப் பணியிலும் ஈடுபட்டார். தாழ்ந்த கூரையின்கீழ் குனிந்தும் மண்டியிட்டும் செய்யும் அவ்வேலை அவருடைய தோளையும் முதுகையும் கால்களையும் வலுப்படுத்தியது. அவர் உயரமானவர் அல்லர். ஐந்தடி எட்டு அங்குலமே இருந்தார். ஆயினும் அவ்வுடலில் இருந்த ஆற்றல் பிற்காலத்தில் உலகின் சிறந்த மட்டையாளர்களையே நடுங்கச் செய்தது.

வேலை முடிந்த நேரங்களில் அவர் ஊர்க் குழுவுக்காகப் பந்து வீசினார். அவ்வூரைச் சேர்ந்த ஜோ ஹார்ட்ஸ்டாஃப் என்பவர் நாட்டிங்காம்ஷயருக்காகவும் இங்கிலாந்துக்காகவும் ஆடியவர். இளைஞரின் வேகத்தைக் கண்ட அவர், நாட்டிங்காம் நகரின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் நடைபெறும் தேர்வுக்கு அனுப்புமாறு தந்தையிடம் எடுத்துரைத்தார். தந்தை குடும்பச் சேமிப்பிலிருந்து மகனுக்கு விளையாட்டு உடைமைகளை வாங்கித் தந்தார். 1923ஆம் ஆண்டில் லார்வுட் கவுண்டியின் பயிற்சி வீரராகச் சேர்க்கப்பட்டார். ஊதியம் வாரம் 32 ஷில்லிங். சுரங்கத்திலும் அவர் அதே தொகையையே பெற்றுவந்தார். பணத்தில் மாற்றமில்லை; ஆனால் இருளிலிருந்து வெயிலுக்கு வந்துவிட்டார்.

கவுண்டி அணியில்

பயிற்சியாளர் ஜேம்ஸ் அயர்மாங்கர் அவரை மெல்ல மெல்லச் செதுக்கினார். வேகம் மட்டும் போதாது, பந்து விழும் இடமும் செல்லும் திசையும் தவறாமல் இருக்க வேண்டும் என்பதை நாள்தோறும் பயிற்சியால் உணர்த்தினார். 1924ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லார்வுட் தம் முதல் கவுண்டிப் போட்டியை ஆடினார். அடுத்த ஆண்டில், இங்கிலாந்தின் தலைசிறந்த மட்டையாளரான ஜாக் ஹாப்ஸை ஆட்டமிழக்கச் செய்து அனைவரின் கவனத்தையும் ஈர்த்தார்.

1926ஆம் ஆண்டு ஜூன் மாதம், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக லார்வுட் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 21. அதே கோடையில் இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்கள், கூலிக் குறைப்பை ஏற்க மறுத்தமையால் வேலையின்றி நின்றனர். மே மாதத்தில் தொடங்கிய அப்போராட்டம் பல மாதங்கள் நீடித்து, அவர்கள் தோல்வியுடன் வேலைக்குத் திரும்புவதில் முடிந்தது. சுரங்க ஊர்களில் அடுப்பெரியாத அந்நாள்களில்தான், அவ்வூர்களின் மகன் ஒருவர் நாட்டின் அணியில் இடம்பெற்றார்.

1927ஆம் ஆண்டில் லோயிஸ் பேர்டு என்னும் சுரங்கத் தொழிலாளியின் மகளை அவர் மணந்தார். அவர்களுக்கு ஐந்து பெண் மக்கள் பிறந்தனர். அவருடைய ஆட்டமும் ஓங்கியது. 1928ஆம் ஆண்டு பிரிஸ்பேன் டெஸ்டில் 70 ஓட்டங்கள் எடுத்ததோடு, ஆஸ்திரேலியாவின் முதல் ஆட்டத்தில் 32 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1929ஆம் ஆண்டில் நாட்டிங்காம்ஷயர் கவுண்டி வாகையர் பட்டத்தை வென்றது. மறுமுனையில் அவருடன் பந்து வீசிய இடக்கை வீரர் பில் வோஸும் சுரங்கத்தில் உழைத்து வந்தவரே.

இரு வாயில்கள்

லார்வுட் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அக்காலக் கிரிக்கெட்டின் ஒரு வழக்கத்தை அறிய வேண்டும். அன்று ஆட்டக்காரர்கள் இரு பிரிவினராகக் கருதப்பட்டனர். ஊதியம் பெறாமல் ஆடிய செல்வர்கள் ஒரு பிரிவு. ஊதியத்துக்காக ஆடிய தொழில்முறை வீரர்கள் மற்றொரு பிரிவு. பல மைதானங்களில் இரு பிரிவினருக்கும் வெவ்வேறு உடைமாற்றும் அறைகள் இருந்தன. களத்துக்குச் செல்லும் வாயில்களும் வேறாயின. ஓட்டப் பட்டியலில் பெயர் அச்சிடும் முறையிலும் வேறுபாடு இருந்தது. அணித்தலைவர் பதவி பெரும்பாலும் செல்வர்களுக்கே உரியது. தலைவர் ஆணையிடுவார், தொழில்முறை வீரர் பணிவார். 1962ஆம் ஆண்டில்தான் இந்தப் பாகுபாடு ஒழிக்கப்பட்டது.

பிராட்மேனும் புதிய திட்டமும்

1930ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு வந்த ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேன், ஒரே தொடரில் 974 ஓட்டங்கள் குவித்தார். அவரைத் தடுக்கும் வழியை இங்கிலாந்து தேடியது. 1932ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா செல்லும் அணிக்கு டக்ளஸ் ஜார்டைன் தலைவரானார். மும்பையில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்ற அவர், வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டவர். அவர் வகுத்த திட்டத்தின் கூர்முனையாக அமைந்தவர் லார்வுட்.

திட்டம் இதுதான். வேகப்பந்து வீச்சாளர் பந்தைக் குட்டையாகத் தரையில் மோதச் செய்வார். அது மட்டையாளரின் விலா, மார்பு, தோள் ஆகியவற்றை நோக்கி எழும்பும். அவரது கால் பக்கத்தில் தடுப்பாளர்கள் வளையம்போல் அருகில் நிற்பர். மட்டையால் தற்காத்தால் பந்து அருகிலுள்ளோர் கையில் விழும். ஓங்கி அடித்தால் எல்லைக்கோட்டருகே நிற்போர் பிடிப்பர். விலகத் தவறினால் உடலில் அடிபடும். அக்காலத்தில் தலைக்கவசம் இல்லை. கையுறையும் கால்காப்பும் மட்டுமே இருந்தன. இம்முறைக்கு ஆஸ்திரேலியச் செய்தித்தாள்கள் பாடிலைன், அதாவது உடலைக் குறிவைக்கும் வீச்சு, என்று பெயரிட்டன.

அடிலெய்டில் மூண்ட சினம்

1933ஆம் ஆண்டு ஜனவரியில் அடிலெய்டு நகரில் மூன்றாம் டெஸ்ட் நடைபெற்றது. லார்வுட் வீசிய பந்து ஆஸ்திரேலிய அணித்தலைவர் பில் வுட்ஃபுல்லின் நெஞ்சில் தாக்கியது. அப்போது தடுப்பாளர்கள் வழக்கமான இடங்களிலேயே நின்றிருந்தனர். ஆனால் வலியால் துவண்ட வுட்ஃபுல் மீண்டும் லார்வுட்டின் பந்தை எதிர்கொள்ள நின்றபோது, ஜார்டைன் தடுப்பாளர்களைக் கால் பக்கத்துக்கு மாற்றினார். ஏறத்தாழ 50,000 பேர் கூடியிருந்த மைதானம் கொதித்தெழுந்தது. அதே போட்டியில் விக்கெட் காப்பாளர் பெர்ட் ஓல்டுஃபீல்டு, லார்வுட்டின் பந்து தம் மட்டையில் உரசித் தலையில் பட்டதால் மண்டையோட்டில் முறிவு அடைந்தார். அந்தப் பந்தும் வழக்கமான தடுப்பு அமைப்பில் வீசப்பட்டதே. எனினும் மக்களின் சினம் முழுவதும் வீசியவர்மீதே பாய்ந்தது.

இந்த ஆட்டமுறை விளையாட்டுப் பண்புக்கு ஏற்றதன்று என்று ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் இங்கிலாந்தின் எம்.சி.சி. அமைப்புக்குத் தந்தி அனுப்பியது. எம்.சி.சி. அக்குற்றச்சாட்டை மறுத்துப் பதில் தந்தி அனுப்பியது. தொலைக்காட்சி இல்லாத அக்காலத்தில், களத்தில் நடப்பதை லண்டனில் இருந்தோர் தங்கள் கண்ணால் காண வழியில்லை. இரு நாடுகளின் நட்பே கசக்கும் நிலை உருவாயிற்று.

இங்கிலாந்து அணியிலேயே இத்திட்டத்தை ஏற்காதோர் இருந்தனர். வேகப்பந்து வீச்சாளர் கப்பி ஆலன் அவ்வாறு வீச மறுத்தார். அவ்வணியில் ஆடிய பட்டோடி நவாப் இஃப்திகார் அலி கான், கால் பக்க வளையத்தில் நிற்க மறுத்தார். முதல் டெஸ்டில் சதம் அடித்திருந்தும், இரண்டாம் டெஸ்டுக்குப் பின் அத்தொடரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில், 1946ஆம் ஆண்டு, இந்திய அணியின் தலைவராக அவர் இங்கிலாந்து சென்றார். இவ்விருவரும் ஊதியம் பெறாமல் ஆடியவர்கள். மறுத்தாலும் அவர்களின் பிழைப்பு கெடாது. லார்வுட்டுக்கோ கிரிக்கெட்டே தொழில். மறுத்தால் அவர் திரும்ப வேண்டிய இடம் சுரங்கம்.

கடைசி டெஸ்ட்

இங்கிலாந்து 4-1 என்ற கணக்கில் தொடரை வென்றது. லார்வுட் 33 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சிட்னியில் நடந்த ஐந்தாம் டெஸ்டில் மட்டையாளராகவும் ஒளிர்ந்து 98 ஓட்டங்கள் எடுத்தார். சதத்துக்கு இரண்டே ஓட்டங்கள் இருக்கையில் அவர் ஆட்டமிழந்தபோது, அதுவரை அவரைத் தூற்றிய ஆஸ்திரேலிய மக்கள் எழுந்து நின்று கைதட்டினர்.

அதே போட்டியில் பந்து வீசும்போது அவருடைய இடது பாதத்தின் எலும்பு முறிந்தது. அவரால் ஓட இயலவில்லை. ஆயினும் பிராட்மேன் ஆடிக்கொண்டிருக்கும் வரை களத்தை விட்டுச் செல்ல ஜார்டைன் அனுமதிக்கவில்லை. லார்வுட் களத்தில் நிற்பதே பிராட்மேனுக்கு அச்சம் தரும் என்று அவர் கருதினார். பிராட்மேன் ஆட்டமிழந்த பின்னரே லார்வுட்டுக்கு விடுதலை கிடைத்தது. இருவரும் அருகருகே நடந்து களத்தை விட்டு வெளியேறினர், ஒருவரோடொருவர் பேசவில்லை. டெஸ்ட் களத்தில் லார்வுட் கடைசியாக நடந்தது அன்றுதான்.

வெற்றியின் நினைவாக ஜார்டைன் அவருக்கு ஒரு வெள்ளிச் சாம்பல் கிண்ணத்தைப் பரிசளித்தார். ஆஷஸ் என்னும் சொல்லுக்குச் சாம்பல் என்பதே பொருள். நன்றியுள்ள தலைவரின் பரிசு என அதில் பொறிக்கப்பட்டிருந்தது. லார்வுட் அதை வாழ்நாள் முழுவதும் போற்றி வைத்திருந்தார்.

எழுதப்படாத மன்னிப்பு

1933ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவு வீச்சாளர்கள் இதே முறையில் இங்கிலாந்திலேயே பந்து வீசினர். அதைக் கண்ணால் கண்டபின் ஆங்கிலேயர் பலரின் கருத்து மாறியது. 1934ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அணி வரவிருந்தது. அதனோடு மீண்டும் நல்லுறவு தேவைப்பட்டது. நாட்டிங்காம்ஷயர் அணியின் புரவலரான செல்வர் சர் ஜூலியன் கான், லார்வுட்டை அழைத்தார். தம் பந்துவீச்சுக்காக எம்.சி.சி.க்கு மன்னிப்புக் கடிதம் எழுதினால் மட்டுமே மீண்டும் நாட்டு அணியில் இடம் கிடைக்கும் என்று தெரிவித்தார்.

லார்வுட் மறுத்தார். அணித்தலைவரின் ஆணைப்படியே தாம் வீசியதாகவும், மன்னிப்புக் கேட்க வேண்டிய குற்றம் எதையும் தாம் செய்யவில்லை என்றும் கூறினார். ஆணையிட்ட தலைவரிடம் எவரும் மன்னிப்புக் கடிதம் கேட்கவில்லை. பாடிலைன் தொடருக்குப் பின்னரும் இங்கிலாந்து அணியை வழிநடத்திய ஜார்டைன், 1933-34இல் இந்தியாவுக்கும் வந்து, சென்னை சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில் அணித்தலைவராக ஆடினார். ஏவியவர் புகழோடு விலக, எய்யப்பட்ட அம்பு மட்டும் பழி சுமந்தது.

21 டெஸ்டுகளில் 78 விக்கெட்டுகளுடன் லார்வுட்டின் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. அப்போது அவருக்கு வயது 28தான். கவுண்டி அணிக்காக அவர் தொடர்ந்து ஆடினார். முறிந்த பாதத்தால் பழைய வேகம் குறைந்தது. ஓடிவரும் தொலைவைக் குறைத்து, பந்தைத் துல்லியமாக வீசி ஈடுசெய்தார். 1936ஆம் ஆண்டில் 119 விக்கெட்டுகளை வீழ்த்தி நாட்டின் பந்துவீச்சுச் சராசரிப் பட்டியலில் ஐந்தாம் முறையாக முதலிடம் பெற்றார். 1938ஆம் ஆண்டு கவுண்டி ஆட்டத்திலிருந்து விலகினார். முதல்தரப் போட்டிகளில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 1,427.

கடல் கடந்த குடும்பம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் லார்வுட், பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊரில் சிறிய இனிப்புக் கடை நடத்தினார். கடையின் பெயர்ப்பலகையில் அவர் தம் புகழ்பெற்ற பெயரை எழுதவில்லை. உலகம் அவரை மறந்துவிட்டது போலத் தோன்றியது. ஜாக் ஃபிங்கிள்டன் மறக்கவில்லை. 1932-33 தொடரில் லார்வுட்டின் பந்துகளை எதிர்கொண்ட ஆஸ்திரேலிய வீரர் அவர், பின்னர் இதழாளரானார். ஆஸ்திரேலியாவில் குடியேறுமாறு லார்வுட்டுக்கு அவர் ஊக்கமளித்து, உதவியும் செய்தார்.

1950ஆம் ஆண்டு லார்வுட், மனைவி, ஐந்து மகள்கள் ஆகியோர் ஓரான்டிஸ் என்னும் கப்பலில் புறப்பட்டனர். 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்து அணியை ஏற்றிச்சென்றதும் அதே கப்பல்தான். முதல் பயணத்தில் வெற்றி தேடிச் சென்றவர், இம்முறை வேலையும் வீடும் தேடிச் சென்றார். சிட்னியில் அவருக்கு அன்பான வரவேற்பு கிடைத்தது. முன்னாள் தலைமை அமைச்சர் பென் சிஃப்லி, குடும்பம் முதலில் தங்கிய விடுதியின் கட்டணத்தில் பாதியைத் தாமே அமைதியாகச் செலுத்தினார். லார்வுட் குளிர்பான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். கிங்ஸ்ஃபோர்டு பகுதியில் எளிய வீடொன்றில் வாழ்ந்தார். அவரது பந்தால் அடிபட்ட ஓல்டுஃபீல்டும் அவருக்கு நண்பரானார்.

தாய்நாட்டின் மதிப்பு மிகத் தாமதமாகவே வந்தது. 1993ஆம் ஆண்டு, தம் 88ஆம் வயதில், பிரித்தானிய அரசின் எம்.பி.இ. விருதைப் பெற்றார். 1995ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் சிட்னியில் காலமானார். அவர் இளமையில் உழைத்த ஆன்ஸ்லி சுரங்கம் 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நங்கர்கேட்டுக்கு அருகிலுள்ள கர்க்பி நகரில் இன்று அவருக்குச் சிலை நிற்கிறது.

சொற்பொருள்

வாழ்வாதாரம் – பிழைப்புக்கு அடிப்படை
மட்டக்குதிரை – உயரம் குறைந்த குதிரை வகை
வாகையர் – வெற்றி பெற்றோர்
தடுப்பாளர் – பந்தைத் தடுக்கவும் பிடிக்கவும் களத்தில் நிற்பவர்
புரவலர் – பொருள் தந்து ஆதரிப்பவர்
ஆஷஸ் – இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் டெஸ்ட் தொடர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. லார்வுட் சுரங்கத்தில் முதலில் செய்த வேலை யாது?
2. பயிற்சியாளர் அயர்மாங்கர் லார்வுட்டுக்கு உணர்த்தியது என்ன?
3. பட்டோடி நவாப் எதற்கு மறுப்புத் தெரிவித்தார்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. பாடிலைன் முறையில் மட்டையாளருக்கு ஏற்பட்ட இக்கட்டை விளக்குக.
2. ஊதியம் பெறாத வீரரும் தொழில்முறை வீரரும் தலைவரின் ஆணையை மறுப்பதில் இருந்த வேறுபாடு யாது?

இ. பொருத்துக.
1. ஜாக் ஃபிங்கிள்டன் – கர்க்பி
2. ஓரான்டிஸ் – இதழாளர்
3. சிலை – கப்பல்

ஈ. பிரித்து எழுதுக.
வாழ்வாதாரம், எல்லைக்கோட்டருகே, கூர்முனை

உ. வகுப்பில் கலந்துரையாடுக.
தலைவரின் ஆணைப்படி செய்த செயலுக்குச் செய்தவரும் பொறுப்பாவாரா? வுட்ஃபுல்லின் நிலையிலிருந்து ஒரு குழுவும், லார்வுட்டின் நிலையிலிருந்து மற்றொரு குழுவும் வாதிடுக.

ஊ. செயல்பாடு
உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஊர்விட்டு வந்தவர் யார், எந்த வேலைக்காக வந்தார், வந்த இடத்தில் அவருக்கு உதவியவர் யார் என்பவற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வருக.